பின்னால் மூவர், நடுவில் இருவர்: ரூபன் அமோரிமின் 3-4-3 லிஸ்பனில் வென்றதும் மான்செஸ்டரில் உடைந்ததும்

2023-24 பருவத்தில் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணி போர்ச்சுகல் லீக்கின் 34 ஆட்டங்களில் 90 புள்ளிகளும் 96 கோல்களும் எடுத்துச் சாம்பியன் ஆனது. அடுத்த பருவத்தின் நடுவில் அதே பயிற்சியாளர், ரூபன் அமோரிம், அதே 3-4-3 அமைப்போடு (பின்னால் மூவர், நடுவரிசையில் நால்வர், முன்னால் மூவர்) மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். அங்கே அவர் பொறுப்பில் நடந்த 27 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 6 சமன், 14 தோல்வி. முழுப் பருவத்துக்கும் சேர்த்து 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடித்தது அணி. பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு யுனைடெட் அவ்வளவு கீழே போனதே இல்லை.

இதை வைத்து "3-4-3 இங்கிலாந்தில் எடுபடாது" என்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. ஒரு அமைப்பு என்பது மூன்று எண்கள் மட்டும் இல்லை. அதில் சில இடங்களுக்குக் குறிப்பிட்ட ஆட்கள் கட்டாயம் வேண்டும், அவர்களைப் பழக்க நாட்களும் வேண்டும். எந்த இடத்தில் ஆள் சரியில்லையோ அங்கேதான் அது கிழியும். அமோரிமின் பாதையை முதலிலிருந்து பார்த்தால், மான்செஸ்டரில் கிழிந்த இடம் லிஸ்பனிலேயே ஒருமுறை கிழிந்த இடம்தான் என்பது தெரியும்.

1985-ல் லிஸ்பனில் பிறந்த அமோரிம் மிட்ஃபீல்டராக, அதாவது நடுவரிசை ஆட்டக்காரராக, ஆடியவர். பெலெனென்செஸ், பென்ஃபிகா, ப்ராகா அணிகளுக்கு ஆடினார். பென்ஃபிகாவில் ஜோர்ஜ் ஜீசஸின் கீழ் மூன்று லீக் பட்டங்கள் வென்றார். போர்ச்சுகல் அணிக்காக 14 ஆட்டங்கள், 2010, 2014 உலகக் கோப்பை அணிகளில் இடம். முழங்கால் காயங்கள் படுத்தி எடுத்தன. 2017-ல், 32 வயதில், ஓய்வு. பிறகு லிஸ்பனில் உயர்நிலைப் பயிற்சிக்கான முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். அதன் பகுதியாக ஒரு வாரம் ஜோசே மொரின்யோவின் பயிற்சியை அருகிலிருந்து பார்த்தது மான்செஸ்டர் யுனைடெட்டின் கேரிங்டன் மைதானத்தில்தான்.

2018-ல் மூன்றாம் அடுக்கு லீக்கில் இருந்த காசா பியா அவருக்கு முதல் அணி. தேவையான பயிற்சியாளர் உரிமம் அவரிடம் அப்போது இல்லை. பெஞ்சில் நின்று ஆட்டக்காரர்களுக்குக் கட்டளை கொடுத்தார் என்று கிளப்புக்குப் புள்ளி வெட்டும் அவருக்குத் தடையும் வந்தன. 2019 ஜனவரியில் விலகினார். பின்னாளில் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. ஆனால் உரிமப் பிரச்சினை ப்ராகாவுக்கும் ஸ்போர்ட்டிங்குக்கும் அவர் பின்னாலேயே வந்தது.

ப்ராகாவின் இரண்டாம் அணியிலிருந்து 2019 டிசம்பர் கடைசியில் அவரை முதல் அணிக்கு ஏற்றினார்கள். முதல் ஆட்டத்திலேயே பெலெனென்செஸ் சாட் அணியை 7-1 என்று வென்றார்கள். இரண்டு மாதங்களில் மொத்தம் 13 ஆட்டம், 10 வெற்றி. போர்ட்டோவை அதன் சொந்த மைதானத்தில் வென்று, லீக் கோப்பை இறுதியில் 1-0 என்று மறுபடி வென்று, பென்ஃபிகாவையும் அதன் மைதானத்தில் 1-0 என்று சாய்த்தது அணி. பென்ஃபிகாவுக்கு எதிரான அந்தக் கோலை அடித்தவர் ஜோவாவோ பலின்யா. ஸ்போர்ட்டிங் அப்போது ப்ராகாவுக்கு இரவல் கொடுத்திருந்த மிட்ஃபீல்டர். அந்தப் பெயர் மீண்டும் வரும்.

2020 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் 1 கோடி யூரோ ஒப்பந்த விடுவிப்புத் தொகையைக் கட்டி அவரை எடுத்தது. மேல்மட்டத்தில் இரண்டு மாத அனுபவம் உள்ள பயிற்சியாளருக்கு இந்த விலை என்றதும் லிஸ்பனில் பலர் தலைவர் ஃப்ரெடெரிகோ வரன்டாஸைத் திட்டித் தீர்த்தார்கள். கிளப்பின் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. 2018 மே மாதம் முகமூடி போட்ட கும்பல் அல்கோஷெட் பயிற்சி மையத்துக்குள் புகுந்து ஆட்டக்காரர்களை அடித்தது. ரூய் பாட்ரீசியோ, ரஃபேல் லியாவோ உட்படப் பலர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார்கள். 2020 ஜனவரியில் புரூனோ ஃபெர்னான்டஸை யுனைடெட்டுக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பருவத்தில் அமோரிம் நான்காவது பயிற்சியாளர்.

இனி அந்த அமைப்பைப் பிரித்துப் பார்ப்போம். பின்னால் மூன்று சென்டர்-பேக்குகள், அதாவது நடுத் தடுப்பாளர்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்கள். இரு ஓரக்கோட்டிலும் ஒவ்வொரு விங்-பேக், தடுப்புக்கும் தாக்குதலுக்கும் ஓரம் முழுக்க ஓடுபவர். முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கர். அவருக்குச் சற்றுப் பின்னால், ஓரத்துக்குப் போகாமல் உள்பக்கமாக நிற்கும் இரண்டு முன்கள ஆட்டக்காரர்கள். கடைசி இருவர் விங்கர் மாதிரி ஓரக்கோட்டை ஒட்டி நிற்பதில்லை. எதிரணியின் ஓரத் தடுப்பாளருக்கும் நடுத் தடுப்பாளருக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்பார்கள்.

பந்து கையில் இருக்கும்போது எதிரணியை முன்னால் வரவழைப்பதுதான் நோக்கம். கோல்கீப்பரும் நடு சென்டர்-பேக்கும் பந்தை வைத்துக்கொண்டு அவசரப்படாமல் நிற்பார்கள். பந்து வலது அல்லது இடது சென்டர்-பேக்குக்குப் போகும்போது, எதிரணி விங்கர் அவரை மறிக்க ஓடிவருவார். அப்போது ஓரத்தில் நிற்கும் விங்-பேக் ஆளில்லாமல் நிற்பார். அவரைப் பிடிக்க எதிரணியின் ஓரத் தடுப்பாளர் முன்னேறினால் அவருக்குப் பின்னால் இடம் திறக்கும். அந்த இடத்துக்குள் உள்பக்க முன்கள ஆட்டக்காரர் ஓடுவார், அல்லது ஸ்ட்ரைக்கரே சாய்ந்து ஓடுவார். இரண்டு மூன்று பாஸ்களில் பந்து பின்னாலிருந்து எதிரணியின் கடைசி வரிசையைத் தாண்டிவிடும். ஓரத் தடுப்பாளர் முன்னேறாமல் தங்கிவிட்டால் விங்-பேக் நிம்மதியாகப் பந்தை வாங்கி முன்னேறலாம். எதிராளி எதைச் செய்தாலும் ஒரு வழி திறக்க வேண்டும் என்பது கணக்கு.

இதற்கு இரண்டு கட்டாயத் தேவைகள். ஓர சென்டர்-பேக்கின் காலில் நல்ல பாஸ் இருக்க வேண்டும்; ஸ்போர்ட்டிங்கில் இடதுகால்காரரான கொன்சாலோ இனாசியோ அதற்கு ஆள். விங்-பேக் ஒருவனுக்கு ஒருவன் என்று எதிராளியைத் தாண்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அங்கே பெட்ரோ போரோவும் 18 வயது நூனோ மென்டெஸும் இருந்தார்கள். ஒரு பக்கத்தின் முழு அகலத்தையும் விங்-பேக் ஒருவரே தருகிறார். அவர் தாண்டாவிட்டால் அந்தப் பக்கத் தாக்குதல் அங்கேயே நின்றுபோகும், பந்து மறுபடி பின்னால் வரும்.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது விங்-பேக்குகள் பின்னால் இறங்க, அமைப்பு 5-2-3 ஆக மாறும், கோலுக்கு அருகில் 5-4-1 ஆகச் சுருங்கும். பலவீனம் 5-2-3-ல் இருக்கிறது. மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பின்னால் ஐந்து பேர் அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு 13, 14 மீட்டர், நெருக்கமான வேலி. நடுவில் இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு 34 மீட்டர். எதிரணி நடுவில் மூன்று பேரை நிறுத்தினால் ஒருவர் எப்போதும் சும்மா நிற்பார். அவரை யார் பிடிப்பது? ஓர சென்டர்-பேக் வரிசையை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பாய்ந்து பிடிக்கலாம். அல்லது உள்பக்க முன்கள ஆட்டக்காரர் பின்னால் இறங்கிப் பிடிக்கலாம். இரண்டுமே நொடிக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம். சென்டர்-பேக் ஒரு நொடி தாமதமாகப் பாய்ந்தால் எதிராளி திரும்பிவிடுவார், சென்டர்-பேக் விட்டுவந்த ஓட்டை வழியாகப் பந்து உள்ளே போகும். அவர் பாயத் தயங்கினால் நடுவில் இருவரும் மூவருக்கு நடுவில் ஓடி ஓடிக் களைத்துப்போவார்கள்.

ஆகவே முழு அமைப்பும் அந்த இரண்டு மிட்ஃபீல்டர்களின் கால்களில் நிற்கிறது. 2020-21-ல் பலின்யா ப்ராகாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். நீண்ட கால்கள், எதிராளி பந்தை வாங்கும் கணத்திலேயே மேலே விழும் பழக்கம், தலையால் அடிப்பதில் பலம். அவர் பக்கத்தில் பந்தை நிதானமாக நகர்த்தும் ஜோவாவோ மாரியோ. பின்னால் நடுவில் உருகுவேயின் செபாஸ்டியன் கோட்ஸ். முன்னால் பெட்ரோ கொன்சால்வ்ஸ் 23 லீக் கோல்கள். 26 வெற்றி, 7 சமன், 1 தோல்வி. 34 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 20 மட்டுமே. 2021 மே 11 அன்று போவாவிஸ்டாவை 1-0 என்று வென்றபோது 19 ஆண்டுக்குப் பிறகு ஸ்போர்ட்டிங் லீக் சாம்பியன். அந்த ஒரே தோல்வியும் பட்டம் உறுதியான பிறகுதான், பென்ஃபிகாவிடம் 4-3.

அந்த வெற்றியில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் நாள்காட்டி. 2020 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியாவின் லாஸ்க் அணியிடம் 4-1 என்று தோற்று ஸ்போர்ட்டிங் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து வெளியேறியது. அன்று அது அவமானமாக இருந்தது. ஆனால் அதன் பிறகு பெரும்பாலான வாரங்களில் ஒரே ஆட்டம். பயிற்சிக்கு முழு வாரம். சென்டர்-பேக் எப்போது பாய வேண்டும், விங்-பேக் எப்போது தங்க வேண்டும் என்பதெல்லாம் பலகையில் எழுதிக் காட்டினால் வராது. மைதானத்தில் நூறு முறை ஓடிப் பார்த்துத்தான் வரும்.

எச்சரிக்கை மணி 2022-ல் அடித்தது. அந்தக் கோடையில் பலின்யா ஃபுல்ஹமுக்குப் போனார். ஆகஸ்டில் மத்தேயுஸ் நூனெஸ் வுல்வ்ஸுக்குப் போனார். அப்போது நடுவில் ஆடிய இருவரும் ஒரே கோடையில் காலி. கொன்சால்வ்ஸை, அதாவது கோல் அடிக்கும் ஆளை, பல ஆட்டங்களில் நடுவரிசைக்கு இறக்கினார் அமோரிம். அமைப்பு மாறவில்லை, பயிற்சியாளரும் மாறவில்லை. அணி நான்காம் இடத்துக்கு இறங்கியது. அவருடைய பாதையைப் படிக்க இந்தப் பருவம்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. பட்டம் வென்ற ஆண்டுகளை எல்லோரும் அலசினார்கள். இதை அலசியிருந்தால் மான்செஸ்டரில் என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

2023-ல் கிளப் சரியான இரண்டு இடங்களை நிரப்பியது. லெச்சேயிலிருந்து டென்மார்க் மிட்ஃபீல்டர் மோர்டன் யூல்மண்ட், இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்குக் கிளப்பான கோவென்ட்ரியிலிருந்து ஸ்வீடன் ஸ்ட்ரைக்கர் விக்டர் யோக்கெரெஸ். யூல்மண்ட் நடுவை அடைத்தார். யோக்கெரெஸ் வேறொரு சிக்கலைத் தீர்த்தார்: பின்னாலிருந்து பந்து எடுக்க முடியாமல் நெருக்கப்படும்போது இடது பக்கச் சந்தில் நீளமாக ஒரு பந்தைப் போட்டால் போதும், இரண்டு தடுப்பாளர்களை உடம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார். 29 லீக் கோல்கள் அடித்தார். 2024 நவம்பர் 5 அன்று மான்செஸ்டர் சிட்டியை லிஸ்பனில் 4-1 என்று அடித்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் அவருடையவை. அதே மைதானத்தில் 2022 பிப்ரவரியில் அதே சிட்டியிடம் 5-0 என்று அடிவாங்கிய அணி இது. பயிற்சியாளர் அதே, அமைப்பு அதே, ஆட்கள்தான் வேறு.

அந்தப் பருவத்தின் முதல் 11 லீக் ஆட்டங்களையும் வென்ற கையோடு அமோரிம் கிளம்பினார். பருவம் முடிந்து வருகிறேன் என்று அவர் கேட்டார், யுனைடெட் காத்திருக்கத் தயாராக இல்லை. ஸ்போர்ட்டிங்கில் அவருக்குப் பின் வந்த ஜோவாவோ பெரெய்ரா அதே ஆட்களோடு அதே அமைப்பைத் தொடர்ந்தார். தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன, இரண்டு மாதம்கூட அவரால் நிற்க முடியவில்லை. வரைபடத்தை நகல் எடுக்கலாம், அன்றாடம் கற்பிப்பதை நகல் எடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மான்செஸ்டரில் நவம்பர் 24 அன்று இப்ஸ்விச்சோடு 1-1 என்று தொடங்கியது. அன்றிலிருந்து டிசம்பர் 30 வரை 37 நாட்களில் 11 ஆட்டங்கள். ஆட்டம், ஓய்வு, பயணம், ஆட்டம் என்று ஓடியதில் பயிற்சிக்கு நாள் இல்லை. எவர்டனை 4-0 என்று வென்றார்கள், சிட்டியை அதன் மைதானத்தில் 2-1 என்று கடைசி நிமிடங்களில் வென்றார்கள். பிறகு அந்த மாதக் கடைசியில் வரிசையாக நான்கு தோல்விகள்.

அவற்றில் டிசம்பர் 30 அன்று சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் நியூகாசிலோடு நடந்த ஆட்டத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஃபெர்னான்டஸும் மிட்ஃபீல்டர் உகார்த்தேயும் தடையால் ஆடவில்லை. நடுவில் கசமிரோவும் எரிக்சனும், இருவரும் முப்பது தாண்டியவர்கள். எதிரே புரூனோ கிமராயிஸ், டோனாலி, ஜோலின்டன் என்று மூன்று ஓட்டக்காரர்கள். 4ஆம் நிமிடத்தில் நியூகாசிலின் ஐசக் தலையால் ஒரு கோல், 19ஆம் நிமிடத்தில் ஜோலின்டன் தலையால் இன்னொன்று. இரண்டுமே ஓரத்திலிருந்து வந்த கிராஸ்கள். நடுவில் மூன்றாவது ஆள் ஒவ்வொரு முறையும் தனியாக நின்று பந்தை வாங்கித் திரும்பி, ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கசமிரோ பாய்ந்தால் எரிக்சனுக்குப் பின்னால் இடம். எரிக்சன் பாய்ந்தால் கசமிரோவுக்குப் பின்னால் இடம். சென்டர்-பேக்குகள் முன்னால் பாயவில்லை. 33ஆம் நிமிடத்தில் முன்களத்திலிருந்து ஸிர்க்ஸியை வெளியே எடுத்து, மிட்ஃபீல்டர் மைனூவை இறக்கினார் அமோரிம். ஸிர்க்ஸி வெளியேறும்போது சொந்த ரசிகர்களே கைதட்டிக் கேலி செய்தார்கள். தப்பு அந்த இளைஞனுடையது இல்லை. நடுவில் ஒரு ஆள் குறைகிறார் என்பதைப் பயிற்சியாளரே ஒப்புக்கொண்ட மாற்றம் அது. ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

மற்ற இடங்களிலும் அதே கதை. விங்-பேக்காக ஆடிய டாலோவும் மஸ்ராவியும் அடிப்படையில் ஓரத் தடுப்பாளர்கள். பந்தோடு எதிராளியைத் தாண்டுவது அவர்கள் தொழில் இல்லை. ஜனவரியில் லெச்சேயிலிருந்து வாங்கிய டோர்குவுக்கு அப்போது 20 வயது. பின்னாலிருந்து பாஸ் போடக்கூடிய லிசான்ட்ரோ மார்டினெஸ் பிப்ரவரியில் முழங்கால் காயத்தோடு படுத்தார். ஸ்ட்ரைக்கர் ஹோய்லுண்ட் முழுப் பருவத்துக்கும் லீக்கில் அடித்தது 4 கோல். யூரோப்பா லீக்கில் லியோனை 5-4 என்று மீண்டு வந்து வென்ற இரவு மறக்க முடியாதது. ஆனால் மே 21 அன்று பில்பாவோ இறுதியில் டாட்டன்ஹமிடம் 1-0 என்று தோல்வி. அதனால் ஐரோப்பிய இடமும் போனது.

2025 கோடையில் கிளப் குன்யா, எம்பியூமோ, ஷெஷ்கோ என்று முன்களத்துக்குப் பணத்தைக் கொட்டியது. குன்யாவுக்கு மட்டும் 6.25 கோடி பவுண்டு. நடுவரிசைக்கு ஒருவரைக்கூட வாங்கவில்லை. நடுவில் 33 வயது கசமிரோவோடு யாரை நிறுத்துவது? ஃபெர்னான்டஸை. கோல் போடும், கோல் அமைக்கும் ஆளைக் கீழே இறக்கினார்கள். 2022-ல் கொன்சால்வ்ஸுக்கு நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. முதல் தவறு கிளப்பினுடையது, ஏனென்றால் அமைப்பின் நடு எலும்பு எது என்று தெரிந்தே இவரை எடுத்தார்கள். இரண்டாவது தவறு அமோரிமுடையது. ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் நடுவில் மூன்றாவது மிட்ஃபீல்டரை வைக்கும் மாற்று அமைப்பை அவர் தயார் செய்து வைக்கவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று நான்காம் அடுக்கு அணியான கிரிம்ஸ்பியிடம் 2-2 என்று இழுத்து, பெனால்டியில் 12-11 என்று தோற்றார்கள். செப்டம்பரில் சிட்டியிடம் 3-0 என்று தோற்ற பிறகு, போப்பாண்டவரே சொன்னாலும் முறையை மாற்ற மாட்டேன் என்றார். அக்டோபரில் சன்டர்லேண்டையும் லிவர்பூலையும் பிரைட்டனையும் தொடர்ந்து வென்றார்கள்; லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் கிடைத்த 2-1, 2016-க்குப் பிறகு அங்கே யுனைடெட்டுக்கு முதல் லீக் வெற்றி. அந்த ஆட்டத்தில் எம்பியூமோ இரண்டாம் நிமிடத்திலேயே கோல் அடித்ததால் பின்னால் இறங்கி 5-4-1-ல் நின்று அடிக்க முடிந்தது. ஆட்டத்தைத் தானே நடத்த வேண்டிய நாட்களில் பழைய திணறல் திரும்பியது. நவம்பர் 24 அன்று எவர்டன் 13ஆம் நிமிடத்திலிருந்து பத்து பேரோடு ஆடியது. ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட் 1-0 என்று தோற்றது. எதிரணி ஒரு ஸ்ட்ரைக்கரோடு முழுக்கப் பின்வாங்கி நிற்கும்போது மூன்று சென்டர்-பேக்குகளுக்கு அங்கே என்ன வேலை?

டிசம்பரில் எம்பியூமோ, அமாத், மஸ்ராவி மூவரும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனார்கள். ஃபெர்னான்டஸ் காயப்பட்டார். 26ஆம் தேதி நியூகாசிலுக்கு எதிராக அமோரிம் முதல்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே நான்கு தடுப்பாளர்களை நிறுத்தினார். டோர்குவை முன்னால் ஏற்றி ஆடவைத்தார், அவரே கோலும் அடித்தார், 1-0 வெற்றி. முன்பே ஏன் மாற்றவில்லை என்ற கேள்விக்கு, வெளியிலிருந்து பேசுகிறார்கள் என்பதற்காக மாற்றினால் அதை ஆட்டக்காரர்கள் புரிந்துகொள்வார்கள், பயிற்சியாளரின் கதை அத்தோடு முடிந்துவிடும் என்ற பொருளில் பதில் சொன்னார்.

நான்கு நாள் கழித்து, லீக்கில் கடைசியில் கிடந்த வுல்வ்ஸை எதிர்த்து மறுபடி மூவர். 1-1. ஜனவரி 4 அன்று லீட்ஸில் இன்னொரு 1-1. அந்த ஆட்டத்துக்குப் பிந்தைய பேட்டியில், தான் வந்தது முழு மேலாளராக இருக்க, வெறும் பயிற்சியாளராக இருக்க இல்லை என்று நிர்வாகத்தை நோக்கி வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் காலை, 2026 ஜனவரி 5 அன்று, கிளப் அவரை நீக்கியது. அப்போது யுனைடெட் லீக்கில் ஆறாம் இடத்தில் இருந்தது. நடுவரிசைக்கு வாங்க வேண்டிய ஆள் அதுவரை வரவில்லை.